படகை மிதக்க வைக்கும் இருட்டு

நேற்று மாலை ஒரு துறைமுகப் படத்தை முடித்தேன். நான்கு படகுகள், பின்னால் கற்சுவர், இடப்பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் வெயில். நீர்வண்ணம்தான். என் படகுகள் தண்ணீரில் மிதக்கின்றன என்று எனக்கே தோன்றியது இதுதான் முதல் முறை, அதனால் என்ன மாறியது என்பதை மறப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முன்பெல்லாம் கயிறு, டயர், ஜன்னல், பலகைக்கோடு, பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர் என்று கண்ணில் பட்டதெல்லாம் காகிதத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு படகும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும், மொத்தமாகப் பார்த்தால் நீலத் துணியில் பொம்மைகளை அடுக்கி வைத்ததுபோல இருக்கும். கோட்டில் தவறில்லை. படகின் விளிம்பைப் படுக்கப்போட்டு இழுத்த 8 மாதிரி தொடங்கினால் வளைவு ஓரளவு தானாகவே வந்துவிடும், அது பழகிவிட்டது. கோளாறு நிழலில்தான்: ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியாக ஒரு துண்டு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை பென்சிலை எடுப்பதற்கு முன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். விவரமெல்லாம் கரைந்து, வெளிச்சம், இருட்டு என்று இரண்டே திட்டுகள் மிஞ்சின. ஒரு படகின் நிழல் பக்கம், அதன் கீழே தண்ணீரில் தெரியும் பிம்பம், அதை ஒட்டியிருக்கும் அடுத்த படகின் நிழல் பக்கம், சுவரின் அடிப்பகுதி, எல்லாம் சேர்ந்து ஒரே வடிவம், நடுவில் எங்கும் அறுபடவில்லை. உள்ளங்கை அளவு காகிதத்தில் அந்த வடிவத்தை மட்டும் கறுப்பாக நிரப்பினேன். ஒரு படகைக்கூட வரையவில்லை, ஆனாலும் அது துறைமுகமாகத் தெரிந்தது! அந்தச் சின்னக் காகிதத்தைப் பலகையின் மூலையில் ஒட்டிவைத்துக்கொண்டுதான் பெரிய படத்தைத் தொடங்கினேன்.

பிம்பத்தையும் நிழலையும் நான் ரொம்ப நாள் குழப்பிக்கொண்டிருந்தேன். நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் விழும். பிம்பத்துக்குச் சூரியன் எங்கே இருந்தாலும் கவலையில்லை, அது நேராக நம்மை நோக்கிக் கீழே இறங்கும். தெளிந்த தண்ணீரின் மேல் நிழல் அவ்வளவாகத் தெரியாது, கலங்கிய தண்ணீரில் நன்றாகவே தெரியும். வெள்ளைப் படகின் பிம்பம் படகைவிடச் சற்று மங்கலாக இருக்கும், கறுத்த படகின் பிம்பம் படகைவிடச் சற்று வெளுத்திருக்கும். இன்னொன்று, பிம்பம் என்பது படகைத் தலைகீழாகக் கவிழ்த்து வரைவது இல்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் படகு எப்படித் தெரியுமோ அப்படித்தான் இருக்கும், ஆகவே உள்ளே இருக்கும் பலகை இருக்கைகள் அதில் வரவே வராது. பாய்மரம் நம் பக்கம் சாய்ந்திருந்தால் அதன் பிம்பம் மரத்தைவிட நீளமாக இருக்கும். இதெல்லாம் தெரியாமல் எத்தனை காகிதங்களை வீணாக்கியிருக்கிறேன்.

நிறத்துக்கு வருகிறேன். நிழலுக்குக் கறுப்பு டியூபைத் திறக்கவே இல்லை. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் போதும், நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு தூக்கலாக இருந்தால் வெதுவெதுப்பான சாம்பல், இரண்டையும் கெட்டியாகக் கலந்தால் கிட்டத்தட்ட கறுப்பே. படகின் நிழல் பக்கம் முழுக்க ஒரே இருட்டு என்று நினைத்துவிடக் கூடாது, தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதன் அடிவயிற்றில் நெளிந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் சியன்னாவைத் தொட்டுவிட்டேன், தானாகப் பரவியது. அப்புறம் படகு தண்ணீரைத் தொடும் கோடு. படத்திலேயே மிகக் கறுத்த இடம் அதுதான், அதையும் முழு நீளத்துக்கு இழுக்காமல் அங்கங்கே விட்டு விட்டு இழுத்தேன். அந்தக் கோடு விழுந்த நொடியில் படகு தண்ணீரில் அமர்ந்தது.

வெயில் காத்திருக்காது. சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்குமேல் போனால் தொடக்கத்தில் பார்த்த நிழல் அங்கே இருக்காது. படகுகளும் நிற்பதில்லை, காற்றுக்குத் திரும்பும், நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும், சில கிளம்பியே போய்விடும். ஓவியர் வான்கோ 1888இல் பிரான்சின் தென்கடற்கரையில் கரையேற்றிய மீன்பிடிப் படகுகளைப் பார்த்தபோது அவருக்கும் இதே சிக்கல்தான், அவை விடியற்காலையிலேயே கடலுக்குப் போய்விடும் என்பதால் அங்கே கோட்டோவியம் மட்டும் போட்டுக்கொண்டு, வண்ணப்படத்தை அறைக்குத் திரும்பியபின் தீட்டினார். அதனால் நிழல் வடிவத்தை முதல் பத்து நிமிடத்திலேயே குறித்துவிடுகிறேன், அதன்பின் வெயில் எங்கே போனாலும் மாற்றுவதில்லை.

முடித்ததும் படத்தை போனில் எடுத்து கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். பிரெஞ்சு ஓவியர் மோனே தன் நாட்டின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் வரைந்த சூரியோதயப் படத்தை அப்படி மாற்றினால் அந்த ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும், சுற்றியிருக்கும் வானமும் அதுவும் ஒரே அளவு வெளிச்சம். நிறம் மட்டும்தான் அதை எரிய வைக்கிறது. என் படத்தில் மூன்றாவது படகு அப்படிச் சுவரோடு கரைந்து போயிருந்தது. சிவப்பு நிறம் என்பதால் கண்ணுக்குத் தனியாகத் தெரிந்தது, வெளிச்சத்தில் வித்தியாசமே இல்லை. நாளைக் காலை ஈரத் தூரிகையால் அதன் மேல்விளிம்பை மெல்லத் தேய்த்து, வண்ணத்தை ஒற்றி எடுத்து, கொஞ்சம் வெயிலை அங்கே கொண்டுவரப் பார்க்கிறேன்.