மயிலைக் காளையின் திமிலும் அக்ரிலிக்கின் பின்புறமும்

காங்கேயம் காளையை வரைபவர்கள் பெரும்பாலும் கொம்பில்தான் கவனத்தைச் செலுத்துகிறார்கள். என் மனம் எப்போதும் அதன் திமிலில்தான் நிற்கும். மயிலை எனப்படும் சாம்பல் நிறக் காங்கேயம் காளையின் உடல் வெளிர்சாம்பலாக இருக்க, திமிலிலும் கழுத்திலும் தொடையிலும் படரும் கருமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அந்தக் கரைதலைக் கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டில் கொண்டுவர லேசர் மட்டும் போதாது; கோட்டை லேசரும், நிழலை ஸ்பிரே பெயிண்ட்டும் தர வேண்டும்.

கோவையில் பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் உள்ள கார்பன் டை ஆக்சைடு லேசர் இதற்குப் பொருத்தமானது. அதன் 10.6 மைக்ரான் அலைநீளத்தை அக்ரிலிக் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். நீல நிற டையோடு லேசரோ தெளிவான அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும். அக்ரிலிக்கிலும் ‘காஸ்ட்’ (அச்சில் வார்த்த) வகையைக் கேட்டு வாங்க வேண்டும். செதுக்கிய இடம் அதில்தான் பனி படிந்தாற்போல் வெண்மையாக வரும். ‘எக்ஸ்ட்ரூடட்’ (அழுத்திப் பிதுக்கிய) வகையில் உருகி மங்கிவிடும்.

படத்தை இடவலமாகத் திருப்பி, 3 மி.மீ. தகட்டின் பின்புறத்தில், தகட்டோடு ஒட்டி வரும் காகித மறைப்பை உரிக்காமல் அதன் மேலேயே செதுக்குகிறேன். காகிதமும் சேர்ந்து எரிந்து, பெயிண்ட் போக வேண்டிய இடம் மட்டும் திறந்துகொள்கிறது. மறைப்பு வேண்டும் என்பதற்காக வினைல் ஸ்டிக்கரை ஒட்டிவிடக் கூடாது. அது பி.வி.சி.; லேசர் பட்டால் வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலுக்கும் இயந்திரத்துக்கும் கேடு.

இனிதான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தைப் போலவே இங்கும் வரிசை தலைகீழ். முதலில் பூசியதுதான் பார்ப்பவருக்கு முன்னால் தெரியும். காகிதத்தில் கடைசியாகச் சேர்க்கும் நிழலை இங்கே முதலில் வைத்தாக வேண்டும். கொம்பு, கண், வெளிக்கோடு ஆகியவற்றை ஆழமாகச் செதுக்கிக் கறுப்பை அடித்துக் காயவிட்ட பிறகு, அதே மறைப்போடு உடலை மேலோட்டமாகச் செதுக்குகிறேன். அடுத்து, டப்பாவை ஒரு முழத்துக்கும் சற்று அதிகமான தூரத்தில் பிடித்து, திமிலின் மேல் கறுப்பைத் தூசியாக மட்டும் விழச் செய்கிறேன். செதுக்கிய பரப்பின் சொரசொரப்பில் அந்தத் துளிகள் திமிலின் உச்சியில் நெருங்கியும் முதுகை நோக்கி விலகியும் உட்காருகின்றன. அவை காய்ந்ததும், பின்னால் சாம்பலை மெல்லிய பூச்சுகளாக அடித்து மூடிவிட்டால், முன்புறத்திலிருந்து பார்க்கும்போது கருமை சாம்பலுக்குள் கரைவது தெரியும். ஒரே மூச்சில் கனமாக அடித்தால் பெயிண்ட் காகிதத்தின் அடியில் புகுந்து கோட்டின் கூர்மை போய்விடும்.

பெயிண்ட் தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு மட்டும் காய்ந்திருக்கும்போதே காகிதத்தைச் சாய்வாக உரிக்க வேண்டும். நன்கு இறுகிவிட்டால் ஓரங்கள் பெயர்ந்து வரும். பிசிறைத் துடைக்கத் தின்னரோ ஆல்கஹாலோ வேண்டாம். லேசரின் சூட்டால் தகட்டில் இறுக்கம் தங்கியிருப்பதால், அவை பட்டதும் மயிரிழை வெடிப்புகள் ஓடும். சோப்பு நீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

அடுத்து ஒரு கன்றைச் செய்ய எண்ணியிருக்கிறேன். காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பலாக மாறும். அந்த மாறும் பருவத்தைக் காட்டச் செம்மையை முன்னே தூவுவதா, சாம்பலையா என்பதைச் சிறு துண்டுகளில் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.