பேதுருவின் மனைவிக்குப் பெயர் வைத்தது யார்?

எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் இப்போது வாரம் ஓர் அத்தியாயமாக, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தி சோசன்’ தொடரைப் பார்க்கிறோம். 2019-இல் முதல் பருவம் வெளிவந்தது; பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் எடுத்தார்கள். அதில் இயேசு சிரிக்கிறார், சீடர்களைக் கேலி செய்கிறார். ஞாயிறு பிரசங்கங்களில் நாங்கள் அதிகம் சந்திக்காத இயேசு!

தொடரைவிட, அதற்குப் பின் நடக்கும் வாக்குவாதம்தான் எனக்கு ருசி. தொடரில் சீடர் பேதுருவின் மனைவிக்கு ஏதேன் என்று பெயர். “பேதுருவின் மனைவி பெயர் ஏதேன் என்று எந்த வசனத்தில் இருக்கிறது?” என்று ஓர் அக்கா கேட்டார். எதிலும் இல்லை. மாற்கு 1:30-இல் மாமியார் காய்ச்சலில் கிடக்கிறார், 1 கொரிந்தியர் 9:5-இல் கேபாவின் (பேதுருவின் இன்னொரு பெயர்) மனைவியைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது, அவ்வளவுதான். ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், மத்தேயுவுக்கு ஆட்டிசம் இருப்பதாகக் காட்டுவதும் கற்பனையே. எனக்கு மிகவும் பிடித்த கற்பனை. “வேதத்தோடு எதையும் கூட்டக்கூடாது, தம்பி” என்று எங்கள் குழுவின் பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

ஆனால் அவரே, பரிசேயர் என்ற யூத மதப் பிரிவைச் சேர்ந்த நிக்கொதேமு இரவில் இயேசுவைச் சந்திக்கும் காட்சி முடிந்ததும், “இந்த மனுஷன் கடைசியில் என்ன ஆனார்?” என்று யோவான் சுவிசேஷத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார். அந்த இரவுச் சந்திப்பு 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 7-ஆம் அதிகாரத்தில் பரிசேயர் நடுவே ஒரு கேள்வி கேட்கிறார். 19:39-இல் நூறு இராத்தல் அளவு வெள்ளைப்போளமும் கரியபோளமும் (வாசனைப் பொருள்கள்) சுமந்து இயேசுவின் அடக்கத்துக்கு வருகிறார். மூன்றையும் சேர்த்து வாசித்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

அடுத்த வாரம் முதலில் வேதவாசிப்பு, பிறகுதான் தொலைக்காட்சி. இது பெரியவரின் நிபந்தனை, நியாயமானதுதான்.