எலினோர் ராணியின் புல் திண்ணை

இங்கிலாந்தின் வின்செஸ்டர் கோட்டையில் முழுதாக மிஞ்சியது பெரிய மண்டபம் ஒன்றுதான். மன்னர் மூன்றாம் ஹென்றி 1235-இல் கட்டி முடித்தது. மீதிக் கோட்டை 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போருக்கு அப்புறம் இடிபட்டது. கதைகளில் வரும் ஆர்தர் மன்னருடையது என்று சொல்லப்படும் வட்ட மேசையை மண்டபத்தில் பார்த்துவிட்டு வெளியே வந்தால் ஒரு குறுகலான தோட்டம், பெயர் ‘எலினோர் ராணி தோட்டம்’. அதில் இரண்டு கோடைகள் தன்னார்வலராகக் களை பிடுங்கினேன்.

தோட்டம் பழசு இல்லை, 1986-இல் அமைத்தது. 13-ஆம் நூற்றாண்டு அரண்மனைத் தோட்டம் எப்படி இருந்திருக்கும் என்று தோட்ட வரலாற்றாளர் சில்வியா லாண்ட்ஸ்பெர்க் யோசித்து வரைந்த வடிவம். பெயரில் உள்ள எலினோர் ஒருவரில்லை, இருவர்: ஹென்றியின் மனைவி, அவர் மகன் எட்வர்டின் மனைவி. மாமியாருக்கும் மருமகளுக்கும் சேர்த்து ஒரே தோட்டம்!

முதல் மாதமே மாட்டிக்கொண்டேன். பட்டியலில் ‘மரிகோல்ட்’ என்று இருந்தது. பூச்சியும் அண்டாதே என்று வீட்டிலிருந்த துலுக்கச் சாமந்தி நாற்று ஆறைக் கொண்டுபோய் நட்டுவிட்டேன். மூத்த தோட்டக்காரர் குனிந்து பார்த்தார். “இது மெக்சிகோ செடி. கொலம்பஸ் இன்னும் பிறக்கவே இல்லையே” என்றார். அந்தக் கால மரிகோல்ட் வேறு, காலெண்டுலா. ஆறையும் பிடுங்கினேன். கோயில் மாலையில் பார்த்தே வளர்ந்த பூ அது. நம் ஊருக்கும் கப்பலில் வந்ததுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

டாலியா, சூரியகாந்தி எதற்கும் இங்கே இடமில்லை. ரோஜாவும் பெரும்பாலும் ஜூனில் ஒரு தடவை பூத்தால் சரி, முடிந்தது. ஆகஸ்டில் வருகிறவர்கள் “பூ எங்கே?” என்பார்கள். பே இலைச் செடி, ஹோலி, ஐவி என்று எல்லாம் பச்சை. அந்தப் பச்சை எனக்கே பிடித்துப்போக ஒரு வருஷம் ஆனது.

அதிகம் படுத்தியது புல் திண்ணை. மண்ணை மேடையாகக் கட்டி மேலே புல் பதித்திருக்கும். பக்கவாட்டிலும் வெயில் படுவதால் தரைப் புல்லுக்கு முன்பே காய்ந்துவிடும். உட்காருகிற இடத்தில் வழுக்கை வேறு. பழைய ஓவியங்களில் ராணிகள் பட்டுடுத்தி அதில் அமர்ந்திருப்பார்கள். தண்ணீர் ஊற்றுகிற ஆளை நான் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

மருமகள் எலினோர் ஸ்பெயினின் காஸ்டீலில் பிறந்தவர். இங்கிலாந்தில் தன் தோட்டம் ஒன்றுக்கு, ஸ்பெயினிலேயே உள்ள அரகோனிலிருந்து தோட்டக்காரர்களை வரவழைத்தார். 1290-இல் அவர் இறந்ததும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஜூன் மாதத்தில் ஸ்வெட்டரோடு நனைந்துகொண்டு களை பிடுங்கும்போதெல்லாம், இந்தக் கோடையைப் பற்றி அவர்கள் தங்கள் மொழியில் என்ன திட்டியிருப்பார்கள் என்று யோசிப்பேன்.