புல்லின் பெயரை விட அது வளரும் விதம் முக்கியம்

தரையில் முட்டையிடும் பறவை இடம் பார்ப்பது, தான் தப்பிக்கும் வழியை வைத்துத்தான். ஆள்காட்டிக்கு நாலாபுறமும் கண்ணுக்கு எட்ட வேண்டும். எதிரி தூரத்தில் வரும்போதே முட்டையை விட்டு நழுவிவிடும். மண்ணோடு மண்ணாகத் தெரியும் முட்டைக்கு அதன் புள்ளிகளே காவல். அதனால் கட்டாந்தரையோ குட்டைப்புல்லோ போதும். காடையும் கவுதாரியும் நேர்மாறு. காலடி பக்கத்தில் வரும்வரை அசையாமல் அடைகாக்கும், ஆகவே மறைவு வேண்டும்.

மறைவு என்றதும் அடர்த்தியாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். தூர் கட்டி வளரும் புல்லில் கூடு தூரின் அடியில் ஒளிந்துகொள்ளும். தூருக்கும் தூருக்கும் நடுவே வெறும் மண் கிடக்கும். பொரித்த அன்றே நடக்கத் தொடங்கும் காடைக் குஞ்சுக்கு அந்த இடைவெளிதான் பாதை. கொடியாகப் படர்ந்து தரையை மூடும் புல் அதே உயரத்தில் இருந்தாலும் குஞ்சால் நுழைய முடியாது. பனி ஈரத்தில் நனைந்து குளிரில் செத்துப்போகும். நடுநடுவே அகன்ற இலைச் செடிகளும் வேண்டும், முதல் சில வாரங்களுக்குக் குஞ்சின் முக்கிய இரையான பூச்சிகள் அவற்றில்தான் அதிகம். வெட்டவெளிப் புல்வெளியில் மரம் நடுவது எனக்கு உடன்பாடில்லை. காகத்துக்கும் பருந்துக்கும் உட்கார்ந்து நோட்டம் பார்க்கக் கிளை கொடுத்ததாகிவிடும்.

மறைவை அளக்க 1970-இல் வெளிவந்த ரோபெல் கோல் முறை போதும். பட்டை பட்டையாக வண்ணம் பூசிய கோலைக் கூட்டில் நிறுத்துங்கள். 4 மீட்டர் தள்ளி, கண் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி குனிந்து, நான்கு திசையிலிருந்தும் கோல் எதுவரை முழுக்க மறைகிறது என்று குறியுங்கள். பிறகு 20க்கு 50 செ.மீ. சட்டம் வைத்து புல், அகன்ற இலைச் செடி, சருகு, வெறும் மண் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று மதிப்பிடுங்கள். அதே புல்வெளியில் குலுக்கல் முறையில் எடுத்த இன்னொரு இடத்திலும் இதையே, அதே நாளில் செய்யுங்கள்.

முட்டை இருக்கும்போது அளக்காதீர்கள். மிதித்த தடம் வேட்டையாடிகளுக்கு வழிகாட்டும்.

பெரும்பாலும் பிசகுவது தேதியில்தான். அழிந்த கூட்டை அழிந்த அன்றும், பொரித்த கூட்டைப் பொரித்த அன்றும் அளந்தால், இரண்டாவதில் புல் கூடுதல் நாட்கள் வளர்ந்திருக்கும். உயரமான புல்தான் கூட்டைக் காப்பாற்றியது என்ற பொய்யான முடிவு வரும். அழிந்த கூடாக இருந்தாலும், அது பொரித்திருக்க வேண்டிய தேதிவரை காத்திருந்து அளங்கள்.