அப்பாவின் மைவியும் என் மீட்டரும்

ஜனவரி 17, சனி

காலை ஏழேகாலுக்கே அப்பா சாவியும் கையுமாக மேலே வந்துவிட்டார். வழக்கமாக எட்டரை ஆகும். "வண்டி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது பாப்பா" என்றார். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்ல வந்தவரின் குரல்.

2009ஆம் ஆண்டு மைவி கார், 1.3 லிட்டர் எஞ்சின். செப்டம்பரில் வலது கண், நவம்பரில் இடது கண் என்று அப்பாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து, பினாங்கின் கெலுகோரில் எங்கள் அடுக்குமாடியின் அங்சானா மரத்தடியை விட்டு அது நகரவில்லை. எனக்கு மோட்டார் சைக்கிள் போதும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குக் காலை நெரிசலில் காரில் போகிறவர்களின் பொறுமை எனக்கு இல்லை. அப்பா மட்டும் தினமும் கீழே இறங்கி, இலைகளைத் தட்டி, கண்ணாடியைத் துடைத்து, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வருவார். அந்த ஐந்து நிமிடத்தில் வீட்டில் யாரும் தலையிடுவதில்லை.

நான் போய் சாவியைத் திருப்பினேன். டக் டக் டக் டக். உள்விளக்கு மங்கி அணைந்தது.

அப்பா துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். ஓடாத வண்டிக்கு மூன்று சத்தங்கள் என்பது அவர் கணக்கு. சத்தமே இல்லையென்றால் பேட்டரி அடியோடு போய்விட்டது, அல்லது கம்பி கழன்றிருக்கிறது. கனமாக ஒரே ஒரு 'டக்' என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்க்க வேண்டும். வேகமாக 'டக் டக்' என்றால் பேட்டரியில் உயிர் இருக்கிறது, மோட்டாரைச் சுற்றும் பலம் இல்லை. "நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது நான்காவது. அதற்கு வைத்தியம் வேறு." மூன்று என்று தொடங்கி நான்கைச் சொல்வது அவர் வழக்கம்.

தைப்பூசத்துக்கு இன்னும் பதினைந்து நாள்தான். பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தையை அழைத்து வர வேண்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

நான் தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். அப்பா காதை நம்புகிறவர், நான் மீட்டரை நம்புகிறவள். பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தேன்: 10.9 வோல்ட். நிறைவாக மின்னேறிய பேட்டரி, வண்டி சும்மா நிற்கும்போது 12.6 காட்ட வேண்டும். 12-க்குக் கீழே போனாலே ஏறக்குறைய காலி. 10.9 என்பது கிணற்றின் அடிச்சேறு.

நேர்முனையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது, தேங்காய்த் துருவலில் பாசி பிடித்த மாதிரி. அம்மாவின் ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு கரைந்தது. பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, துடைத்து, இறுக்கினேன். ஆப்பச் சோடா தீர்ந்துபோனதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பேட்டரித் தட்டின் ஓரத்தில் காய்ந்த புல், ஒரு கோழி எலும்பு, கடலைத் தோல். "எலி! ஒயரைக் கடித்திருக்கும்" என்று அப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். டார்ச் அடித்து அரை மணி நேரம் தேடினேன். கடித்த ஒயர் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுச் சீனத் தாத்தா மட்டும் நம்பவில்லை. ஒரு கைப்பிடி அந்துருண்டையை உள்ளே போட்டுவிட்டுப் போனார். இப்போது எஞ்சின் பாட்டியின் அலமாரி போல மணக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

மாலையில் சீனத் தாத்தாவின் காரைப் பக்கத்தில் நிறுத்தி, கேபிள் போட்டோம். சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் நேர்முனையில், பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையில். கருப்பு நல்ல பேட்டரியின் எதிர்முனையில். கடைசி கருப்பை மட்டும் செத்த பேட்டரியில் மாட்டக் கூடாது; தள்ளி, எஞ்சினின் வெற்று இரும்பில் கடிக்கவிட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. தாத்தா அறுபது வருடமாக நேரே பேட்டரியில்தான் மாட்டுகிறாராம், ஒன்றும் ஆகவில்லையாம். என் பிடிவாதத்துக்காக இரும்பில் மாட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பத்து நிமிடம் காத்திருந்து சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும். பிடிக்கவில்லை. பின்பக்கம் பெட்ரோல் வாடை.

"நான்காவது" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த திருப்தி எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 21, புதன்

வேலை முடிந்து வந்ததும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், பொறிக்கு மின்சாரம் தரும் 'இக்னிஷன் காயில்' ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு போல்ட்டைக் கழற்றி இழுத்தால் காயில் வந்துவிடும், பிளக்குக்கு நீள சாக்கெட் வேண்டும். வெளியே வந்த பிளக்கின் மூக்கு கரிப்பிடித்து, ஈரமாக, விளக்கெண்ணெயில் முக்கியது போல மின்னியது. முகர்ந்தேன், பெட்ரோல். ஈரமான பிளக்கில் பொறி தாவாது. பொறி இல்லையென்றால் அடுத்த சுற்றுக்கு வரும் பெட்ரோலும் எரியாமல் அங்கேயே தங்கும். சுற்றச் சுற்ற நிலைமை மோசமாகும்.

இது எப்படி வந்தது என்று அப்பாவைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டதாம், அணைத்துவிட்டு மேலே ஓடி வந்துவிட்டாராம். குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். சூடேறினால்தான் அளவைக் குறைக்கும். சூடேறும் முன் அணைத்தால் மிச்சம் பிளக்கை நனைத்துவிடும். மறுநாள் அரை உயிருடன் இருந்த பேட்டரியை வைத்துக்கொண்டு அவர் எத்தனை தடவை முயன்றார் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரி 24, சனி

மெக்கானிக் அண்ணன் மோட்டார் சைக்கிளில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தார். என்எஸ்40இசட்எல் ரகம், 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதற்கு 210 வெள்ளி (ரிங்கிட்). பழையதை மின்னேற்றிப் பார்க்கலாமே என்றேன். தன் சோதனைக் கருவியை மாட்டிக் காட்டினார். நாலு வருடப் பேட்டரி, ஒருமுறை அடிவரை வற்றினால் திரும்பப் பழைய பலம் வராது. நம் ஊர் வெயிலில் நாலு வருடம் தாங்கியதே பெரிது என்றார்.

பிளக்குகளைத் துடைத்து வெயிலில் காய வைத்து மாட்டினோம். அப்பா ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். "ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும்" என்றார். அது கார்புரேட்டர் காலத்து வழக்கம் அப்பா, இது கணினி வைத்த வண்டி, அழுத்தினால் இன்னும் பெட்ரோல்தான் ஊற்றும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஸ்டார்ட் செய்யும்போது மிதி முழுவதும் அழுந்தியிருந்தால், எஞ்சின் மூழ்கிவிட்டது என்று புரிந்துகொண்டு இந்தக் கணினி பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிடுமாம். காற்று மட்டும் உள்ளே போய் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறும். காரணம் மாறினாலும் கால் வைக்கும் இடம் மாறவில்லை.

முதல் தடவை வெறும் சுற்றல். இரண்டாம் தடவை ஒரு தும்மல். மூன்றாம் தடவை இருமிக்கொண்டே பிடித்தது. கரும்புகை ஒரு மூட்டையாகக் கிளம்பிச் சீனத் தாத்தாவின் துவைத்த சட்டைகளின் பக்கம் போனது. அப்பா மெதுவாகக் காலைத் தளர்த்தினார். நடுங்கிய எஞ்சின் அடங்கியது. பேட்டரியில் மீட்டரை வைத்தேன்: 14.2. ஓடும்போது பேட்டரியை மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் நலம்.

இந்த முறை இருபத்தைந்து நிமிடம் ஓடவிட்டோம். அப்பா இறங்கவே இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

எல்லாம் முடிந்தும் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நவம்பர், டிசம்பர் எல்லாம் அதே ஐந்து நிமிடத்தில் தாக்குப்பிடித்த பேட்டரி, ஜனவரியில் ஏன் விழுந்தது?

எதிர்முனையைக் கழற்றி, இடையில் மீட்டரை இணைத்து, கதவுகளைச் சாத்திக் கால் மணி நேரம் விட்டேன். (இப்படி இணைத்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது. மீட்டரின் பியூஸ் போய்விடும்.) 28 மில்லி ஆம்பியர். அலாரமும் கடிகாரமும் தின்பது அவ்வளவுதான், நாளைக்கு 0.7 ஆம்பியர்-மணி. நல்ல பேட்டரியே ஆனாலும், தொடாமல் விட்டால் ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடும் என்பதை மட்டும் இது சொல்கிறது.

பிறகு, எதற்கோ சாவியை ஒரு படி திருப்பினேன். ரேடியோ தானே பாடத் தொடங்கியது. மின்னல் எஃப்எம், சத்தம் நன்றாகக் கூட்டி. மீட்டர் 1.4 ஆம்பியர் என்றது.

வீட்டு ரேடியோ டிசம்பர் கடைசியில் வாயை மூடிக்கொண்டது. கூடத்தில் காலையிலிருந்தே அம்மாவின் நாடகங்கள். ஏழு மணிக்கு இறங்குகிற அப்பா எட்டரைக்கு ஏறி வருகிறார். துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிட எஞ்சினுக்குப் பிறகு அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், 1.4 ஆம்பியர்: நாளைக்குச் சுமார் இரண்டு ஆம்பியர்-மணி செலவு. ஏசியைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓடும் ஐந்து நிமிடம் அதில் கால்வாசியையாவது திருப்பிக் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம்.

கணக்கைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு மேலே வந்தேன். அப்பா நாளிதழை முகத்துக்கு முன்னால் நீட்டிப் பிடித்து, கண்ணாடி இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார். தாளை மடித்து மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இனிமேல் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும், நிறுத்தி வைத்து உறுமவிடுவதால் பயனில்லை என்று மட்டும் சொன்னேன். "லாரியை எல்லாம் நான் அப்படி வைத்துக்கொண்டதில்லை" என்றார். லாரி தினமும் ஓடியது அப்பா, என்று சொல்லவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

காற்றடிக்கும் கம்ப்ரசரை இரவல் வாங்கினேன். நாலு சக்கரத்திலும் காற்றழுத்தம் 20-க்கு இறங்கியிருந்தது. கை பிரேக்கை விடுவித்தும் பின்சக்கரங்கள் அசையவில்லை. டிரம்மில் துரு ஒட்டியிருந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஆட்டியதும் 'டங்' என்று விட்டது. இனி நிறுத்தி வைக்கும் நாள்களில் கை பிரேக்குக்குப் பதில் சக்கரத்தடியில் செங்கல்.

சாலைக்கு எடுக்கலாம் என்று நினைத்த நேரத்தில்தான் கைப்பேசியில் சாலை வரிச் செயலியைத் திறந்து பார்த்தேன். காப்புறுதியும் சாலை வரியும் ஜனவரி 9ஆம் தேதியோடு முடிந்துவிட்டன! முன்பு கண்ணாடியில் ஒட்டிய சீட்டில் தேதி தினமும் கண்ணில் படும். 2023 பிப்ரவரியிலிருந்து அதை ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. அப்பா தினமும் துடைத்த கண்ணாடியில் துடைக்கச் சீட்டு இல்லை. காப்புறுதியைப் புதுப்பித்த பிறகுதான் சாலை வரி கட்ட முடியும். 1.3 எஞ்சினுக்கு 70 வெள்ளி. காப்புறுதித் தொகையை அம்மாவிடம் குறைத்துச் சொன்னேன்.

ஜனவரி 30, வெள்ளி

மாலையில் அத்தையை அழைக்கப் புறப்பட்டோம். ஃபெரியில் காரோடு கடலைக் கடந்த காலம் 2021-இல் முடிந்துபோனது. இப்போது இருசக்கர வண்டிகளும் நடந்து வருகிறவர்களும்தான். அத்தையின் முட்டிக்கும் அவருடைய மூன்று பைகளுக்கும் ஒரு பித்தளைப் பால்குடத்துக்கும் அது சரிவராது. எனவே பாலம்.

மருத்துவர் அனுமதி கொடுத்தாயிற்று, எனவே அப்பாதான் ஓட்டினார். தைப்பூச நெரிசல் இன்னும் தொடங்கவில்லை. நாளை விடியலில் வெள்ளி ரதம் புறப்பட்டுவிட்டால் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் சக்கரம் வைக்க முடியாது. பாலத்தின் நடுவில், கம்பிகள் உயரும் இடத்தில், அப்பா கண்ணைச் சுருக்காமல் தூரத்துக் கப்பலைப் பார்த்து, "கொடி தெரிகிறது" என்றார். எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டார்:

"இப்போது ரேடியோ போடலாம் இல்லையா பாப்பா? எஞ்சின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது."

மீட்டர் பெட்டி என் மடியில் இருந்தது. திறந்து பார்த்தேன். மடித்து வைத்த தாள் இருந்தது, நான் மடித்த மாதிரி இல்லை.

"போடுங்கள் அப்பா" என்றேன்.