வைத்தியம் என்று சொல்லிவிட்டேன்

மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் கோஆர்டினேட்டர் நான். ஒருவரிடம் ஒப்புதல் வாங்கும்போது எடுத்த அந்த வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்டேன். பதினான்காவது நிமிடத்தில் "இந்த வைத்தியத்துல சேர்ந்தா" என்கிறேன். "ஆராய்ச்சியில" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். தாராவிக்கு வந்து முப்பது வருடம். நாள்பட்ட சர்க்கரை. வழக்கமான சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினோடு சேர்த்துக் கொடுக்கும் ஒரு புது மாத்திரையின் மூன்றாம் கட்ட ஆய்வு அது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. ஒப்புதல் படிவம் தமிழிலேயே இருந்தது, நெறிமுறைக் குழுவின் முத்திரையோடு பதினெட்டுப் பக்கம். "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு" என்று எவரோ முறையாக மொழிபெயர்த்திருந்தார். ஐந்தாம் வகுப்பு படித்த மனிதர் மூன்று வரி எழுத்துக்கூட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சரி என்று படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, நம்ம பேச்சில் சொல்ல ஆரம்பித்தேன்.

நன்றாகத்தான் சொன்னேன். யாருக்கு எந்த மாத்திரை என்பது இப்படித்தான் என்று ஒரு ரூபாய்க் காசைச் சுண்டி, பூவா தலையா என்றுகூடக் காட்டினேன்.

"எனக்கு வாறது வெறும் மாத்திரையான்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி. டாக்டருக்கும் தெரியாது."

"டாக்டருக்கே தெரியாதா!" சிரித்தார். படிவத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

அங்கேதான். "இந்த வைத்தியத்துல சேர்ந்தா ரத்தமெல்லாம் சும்மாவே பாத்துருவாங்க" என்றேன். அந்தக் காலாண்டுக்கு ஐந்து பேர் வேண்டும், என்னிடம் இருந்தது இரண்டு. அது மனதில் இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் கை படிவத்தைத் தள்ளியதை நான் பார்த்தேன். அதுவும் வீடியோவில் இருக்கிறது.

"நீ எந்த ஊரு தாயி?"

"தூத்துக்குடி."

"பெறவு என்ன, நீ சொல்லுதல்லா. எங்க கையெழுத்துப் போடணும்?"

2013-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ஒப்புதல் வாங்குவதை இப்படி வீடியோ எடுக்கும் விதி வந்தது. முதலில் எல்லோருக்கும் என்றார்கள். 2015-ல் புது மூலக்கூறு, அதாவது முற்றிலும் புதிய மருந்துப் பொருள், பற்றிய ஆய்வுகளில் சேரும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 2019 விதிகளிலும் அப்படியே. நல்ல விதி. எங்கள் ஆய்வு முறையாக நடக்கிறதா என்று சரிபார்க்கும் மானிட்டர் புனேயிலிருந்து வந்தார், தமிழ் தெரியாதவர். முகம் தெரிகிறதா, தேதி இருக்கிறதா, கையெழுத்துப் போடுவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து டிக் போட்டார். என் தப்பைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி வாசல் ஏறினாலே வைத்தியம்தான். "ஆராய்ச்சி" என்று நான் நூறு முறை சொல்லியிருந்தாலும் அவர் காதில் வைத்தியம் என்றே விழுந்திருக்கும் என்று சில நாள் தோன்றும். அப்படியென்றால் பதினெட்டுப் பக்கமும் காசும் கேமராவும் எதற்கு? இப்போது புதிதாக வரும் கோஆர்டினேட்டர்களிடம், "ட்ரீட்மென்ட் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். தமிழ் நோயாளி வந்தால் மட்டும் அவர்களிடம் விடாமல் நானே போய் உட்காருகிறேன்.

அவருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. இருபத்து நான்கு வாரமும் தவறாமல் வந்தார். கடைசி நாள் மஞ்சப்பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேஜையில் அடுக்கினார். எண்ணினேன். மிச்சம் இரண்டு, கணக்கு சரி.

"அடுத்த மாசத்துக்கு?"

"ஸ்டடி முடிஞ்சிட்டு அண்ணாச்சி. இனி ஓ.பி.டி.யில பழைய மாத்திரைய வாங்கிக்கிடுங்க."

"வைத்தியத்த பாதியில நிறுத்துனா எப்படி?" கோபமில்லை, சந்தேகம்தான். பையை மடித்துக்கொண்டே கேட்டார்: "என் மச்சானுக்கும் சக்கரை. அவனையும் இந்த வைத்தியத்துல சேத்துவிடுதியா?"

"ஆள் எடுக்கிறது முடிஞ்சிட்டு" என்றேன். அது உண்மை. அந்தச் சொல்லை அப்போதும் நான் திருத்தவில்லை.