டெலே பி1 தேர்வும் கிரனாடாவும்: முதல் பயணத்துக்கு நான்கு இரவு

ஸ்பானிய மொழித் தகுதித் தேர்வான டெலேயின் பி1 நிலை முடிவு போன வாரம் வந்தது. ‘ஆப்தோ’, அதாவது தேர்ச்சி. இரண்டு தொகுதியிலும் தேர்ச்சிக்கு வேண்டிய 30-ஐத் தாண்டியாகிவிட்டது. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த தொகுதியில் தாராளமாக, கேட்டலும் பேச்சும் சேர்ந்த தொகுதியில் மயிரிழையில். அந்த மயிரிழைக்குக் காரணம் ஸ்பானிய மொழி அல்ல, பயணத் திட்டம். டெலே தேர்வை ஸ்பெயினின் தெற்கிலுள்ள கிரனாடாவில் எழுதி, அந்தச் சாக்கில் ஊரையும் முதல்முறையாகப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

எதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேச்சுத் தேர்வு எந்த நாள் என்று தெரியாமல், ஊரின் மேட்டிலுள்ள பழைய கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவுக்குச் சீட்டை எடுக்காதீர்கள், திரும்பும் டிக்கெட்டையும் போடாதீர்கள்.

எழுத்துத் தேர்வின் தேதி பதிவு செய்யும்போதே தெரியும். பேச்சுத் தேர்வு அப்படியில்லை. அதே நாள் மாலையில் வரலாம், வேறு நாளிலும் வைக்கலாம். நேரம் பிற்பாடு மையம் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில்தான் இருக்கும். அல்ஹம்ப்ரா சீட்டோ, கூட்டமான மாதங்களில் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துபோகும். அதனால் எல்லோரும் சீட்டை முதலில் எடுத்துவிடுகிறார்கள், கடிதம் பிறகு வருகிறது, இரண்டும் மோதுகின்றன. காலையில் மூன்று மணி நேரம் மேட்டில் ஏறி இறங்கிவிட்டு, மாலையில் தேர்வாளர் முன் உட்கார்ந்தால் முதல் இரண்டு நிமிடம் தொண்டையும் திறக்காது, இறந்தகாலமும் வராது. பி1-இல் தயாரிக்கக் கிடைக்கும் 15 நிமிடமும் முதல் இரண்டு பணிகளுக்கு மட்டும்தான். படத்தை விவரிப்பதும் அதையொட்டிய நடிப்பு உரையாடலும் அந்த இடத்திலேயே வர வேண்டும். களைப்பு பழிவாங்குவது அங்கேதான்.

வழி எளிது. பதிவு செய்த அன்றே மையத்துக்கு மின்னஞ்சல் போட்டு, பேச்சுத் தேர்வை எந்தெந்த நாட்களில் நடத்துவார்கள் என்று கேளுங்கள். மணி தெரியாவிட்டாலும் நாளைச் சொல்லிவிடுவார்கள். அந்த நாட்களெல்லாம் கழிந்த பிறகு வரும் காலைக்கு அல்ஹம்ப்ராவை வையுங்கள். தேர்வு வெள்ளி என்று வைத்துக்கொண்டால்:

புதன் மாலை: வந்து சேர்வது.
வியாழன்: காது பழகும் நாள். தேர்வு மையம் வரை ஒருமுறை நடந்து பார்ப்பது.
வெள்ளி: தேர்வு.
சனி: வெறுமையாக விடுவது. பேச்சுத் தேர்வு தள்ளிப்போனால் இதில் விழும். இல்லையென்றால் அல்பைசின் என்ற பழைய குடியிருப்பு மேடு.
ஞாயிறு காலை: அல்ஹம்ப்ரா. மாலை கிளம்பலாம்.

ஓர் இரவு கூடுதல் வாடகைதான். மறுபடி தேர்வுக் கட்டணம் கட்டுவதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

இனி சீட்டு. அல்ஹம்ப்ரா நிர்வாகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே எடுங்கள். இடைத்தரகர் தளங்களில் விலை ஏறியிருக்கும். உங்களுக்கு வேண்டியது பொதுச்சீட்டு. அல்கஸாபா கோட்டை, நஸ்ரித் அரண்மனைகள், ஹெனரலிஃபே தோட்டம் மூன்றும் அதில் அடங்கும். ‘தோட்டங்கள்’ என்று விற்கிற மலிவான சீட்டில் நஸ்ரித் அரண்மனைகள் கிடையாது. அவசரத்தில் அதை எடுத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் உண்டு. பொதுச்சீட்டு தீர்ந்திருந்தால் ‘தோப்லா தே ஓரோ’ என்ற கூட்டுச்சீட்டையும், நஸ்ரித் அரண்மனைகளுக்கான இரவுச் சீட்டையும் பாருங்கள். ரத்தான சீட்டுகளும் அவ்வப்போது தளத்தில் திரும்ப வரும், காலையும் இரவும் எட்டிப் பாருங்கள். டிசம்பர் 25, ஜனவரி 1 இரண்டு நாளும் மூடியிருக்கும்.

சீட்டில் அச்சாகும் மணி கோட்டைக்குள் நுழையும் மணி அல்ல, நஸ்ரித் அரண்மனை வாசலில் நிற்க வேண்டிய மணி. அதிலிருந்து அரை மணி நேரத்துக்குள் நுழையாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டுக் கூண்டு இருக்கிற மேல் நுழைவாயில் ஹெனரலிஃபே பக்கம் இருக்கிறது. அங்கிருந்து அரண்மனைக்குக் கால் மணி நடை, வரிசை தனி. சீட்டு கையில் இருந்தால் அங்கே போகவே வேண்டாம். பிளாஸா நுவேவாவிலிருந்து கோமேரெஸ் ஏற்றத்தில் ஏறி, நீதி வாசல் வழியாக நுழையுங்கள். அரண்மனை பக்கத்திலேயே வந்துவிடும். ஏற முடியாதவர்களுக்கு சி30 சிற்றுந்து. முதலில் அல்கஸாபா, குறித்த மணிக்கு அரண்மனை, கடைசியில் ஹெனரலிஃபே என்ற வரிசையில் போனால் ஒரே பாதையை இரண்டு தரம் நடக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட் அசல் வேண்டும்; உள்ளேயும் கேட்பார்கள்.

சிங்க முற்றத்தில் நிதானமாக நில்லுங்கள். 124 தூண்கள், நடுவே பளிங்குத் தொட்டியைச் சுமக்கும் 12 சிங்கங்கள். தொட்டியின் விளிம்பைச் சுற்றி அரபுக் கவிதை செதுக்கியிருக்கிறது. முற்றத்தையும் அறைகளையும் இணைக்கும் நான்கு ஓடைகளில் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஓடும். பலரும் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டம் வருவதற்குள் ஒரு தூணோரம் ஒதுங்கி ஐந்து நிமிடம் நின்றால்தான் அந்த அமைதி பிடிபடும்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஸ்பானியப் படிவத்திலோ ‘அபெயீதோ’ (குடும்பப்பெயர்) இல்லாமல் நகராது. அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று பணம் கட்டும் முன்பே மையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்ஷியலை இஷ்டத்துக்கு விரிக்காதீர்கள். ஸ்பானியர்களுக்கு இருப்பது போன்ற இரண்டாவது அபெயீதோ நமக்கு வேண்டாம். டெலே சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. அதில் ஏறும் பெயர் ஆயுளுக்கும் அப்படியே இருக்கும். அல்ஹம்ப்ரா படிவத்திலும் அதே எழுத்து, அதே பாஸ்போர்ட் எண்.

வியாழன் ஏன் முக்கியம் என்றால், கிரனாடாக்காரர்கள் கடைசி ‘ஸ்’ஸை விழுங்குவார்கள். ‘மாஸ் ஓ மேனோஸ்’ என்பது ‘மா ஓ மேனோ’ ஆகும். நடுவிலுள்ள ‘த’வும் மறைந்து ‘கன்ஸாதோ’ ‘கன்ஸாவோ’ ஆகும். பன்மைக்கு ‘ஸ்’ இல்லாததால் உயிரெழுத்தை வாயகலத் திறந்து சொல்வார்கள். ‘லா காஸா’ (வீடு), ‘லாஸ் காஸாஸ்’ (வீடுகள்) இரண்டுக்கும் வித்தியாசம் அந்த ‘ஆ’வில்தான். ஒலிப்பதிவுப் பாடங்களில் மட்டும் கேட்டுப் பழகியவருக்கு முதல் நாள் ஒன்றும் புரியாது. தேர்வுக்கு முந்தின நாள் வந்து இறங்கினால் இந்த அதிர்ச்சியோடு கேட்டல் தேர்வில் உட்கார வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காதில் விழுந்துவிட்டால் பயம் போய்விடும். கடைக்காரர் வெடுக்கென்று பேசினால் கோபம் என்று எண்ண வேண்டாம். அந்த வெடுக்குக்கு ஊரே ‘மலாஃபோயா’ என்று பெயர் வைத்திருக்கிறது.

அன்றே பேச்சுப் பயிற்சியும் செய்யலாம். பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் பூக்கடைகளுக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணில் படுவதைப் படம் விவரிக்கிற மாதிரி இரண்டு நிமிடம் சொல்லுங்கள்: யார், எங்கே, என்ன செய்கிறார்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள். பிறகு பேருந்து நிலையச் சாளரத்தில் போய் மலகா வண்டி நேரம், விலை, மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பேச்சுத் தேர்வின் நான்காம் பணியான நடிப்பு உரையாடலும் அந்த மாதிரிதான்.

தேர்வு நாளுக்கு:
பாஸ்போர்ட் அசல், பதிவுத்தாள் நகல், அழைப்புக் கடிதம்.
பேனா, பென்சில், அழிப்பான்.
அரை மணி முன்பே அங்கே இருப்பது.
எழுத்தில் முதல் பணி 100–120 சொல், இரண்டாவது 130–150. சொற்களை எண்ண நேரம் ஒதுக்குங்கள்.
மதியச் சாப்பாடு 2 மணிக்கு முன் பல இடங்களில் கிடைக்காது. இரண்டு தேர்வுக்கு நடுவில் பசிக்கும், கையில் ஏதாவது வைத்திருங்கள்.

வந்து சேர, மத்ரித்திலிருந்து அதிவேக ரயில் மூன்றரை மணி நேரத்துக்குள். மலகாவில் இறங்குபவர்களுக்குப் பேருந்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து நடு ஊருக்கு 33-ஆம் எண் பேருந்து. தங்குவதற்கு கிரான் வியா அல்லது ரெயாலெஹோவின் கீழ்ப்பகுதி. அல்பைசின் அழகு, ஆனால் கூழாங்கல் பதித்த செங்குத்துச் சந்துகளில் சக்கரப் பெட்டி உருளாது, மழையில் வழுக்கும். மே மாதத்திலும் இரவு குளிரும். மெல்லிய கம்பளிச் சட்டை வேண்டும்.

கிரனாடாவில் பானம் வாங்கினால் தாப்பா என்ற சிறு தட்டுத் தீனி இலவசம். மது வேண்டாதவர்கள் ‘மோஸ்த்தோ’ என்ற திராட்சைச் சாறு கேட்கலாம், அதற்கும் பொதுவாகத் தட்டு வரும். சைவர்கள் ‘வெஹெத்தாரியானோ’ என்பதோடு நிறுத்தினால் போதாது. ஹமோன் என்ற பதப்படுத்திய பன்றித்தொடையையும் சூரை மீனையும் சிலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்’ (இறைச்சி, ஹமோன், சூரை இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். சல்மொரேஹோ தக்காளிக் கூழ்தான், ஆனால் மேலே ஹமோன் துண்டு தூவி வரும். கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், ‘பெரென்ஹெனாஸ் கொன் மியெல்’, கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

சனிக்கிழமை காலியாகக் கிடைத்தால் சூரியன் சாய்வதற்கு முக்கால் மணி நேரம் முன்பே, அல்பைசினிலுள்ள சான் நிக்கோலாஸ் காட்சி முனைக்கு ஏறிவிடுங்கள். பிறகு போனால் சுவரோரம் இடம் இருக்காது. எதிர் மேட்டில் அல்ஹம்ப்ராவின் செம்மண் சுவர், அதன் பின்னால் சியர்ரா நெவாடா மலைத்தொடர். திரும்பும்போது சி31 சிற்றுந்தில் இறங்கிவிடுங்கள். மறுநாள் காலை ஏற்றத்துக்குக் கால் வேண்டும்.